எஸ்டிபி, 1967: மெல்ல ஏறிய போதையும் பொறுமையிழந்து போட்ட இரண்டாவது மாத்திரையும்

1967 ஜூனில் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஹெய்ட்-ஆஷ்பரி பகுதியில் எஸ்டிபி என்ற பெயரில் ஒரு புது மாத்திரை கைமாறத் தொடங்கியது. அமைதி, சாந்தம், சமாதானம் என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் என்று தெருவில் விளக்கம் சொன்னார்கள். கார் இன்ஜினில் ஊற்றும் ஓர் எண்ணெய்ச் சேர்மானமும் அதே பெயரில் அப்போது விற்றுக்கொண்டிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்பது விழுங்கியவருக்கும் தெரியாது. நள்ளிரவில் அவரைப் படுக்கையில் கிடத்திப் பார்த்த மருத்துவருக்கும் தெரியாது. முதல் சரக்கில் ஒவ்வொரு மாத்திரையிலும் 20 மில்லிகிராம் இருந்தது. பின்னால் அதைப் பாதியாகக் குறைத்தார்கள்.

சில வாரங்களே நீடித்த நிகழ்வுதான். ஆனால் செயற்கை மாயக்காட்சி மருந்துகள் மனிதரை எப்படிக் கவிழ்க்கின்றன என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இன்னொன்று அரிது. அந்த மூலக்கூறு அப்படியொன்றும் கொடிய நஞ்சு அல்ல. கவிழ்த்தது கடிகாரம்.

பொருள்

மாத்திரையில் இருந்தது 2,5-டைமீத்தாக்ஸி-4-மீத்தைல்ஆம்ஃபெட்டமைன், சுருக்கமாக டிஓஎம். டௌ கெமிக்கல் நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்த அலெக்சாண்டர் ஷுல்கின் 1963-ல் முதன்முதலில் உருவாக்கியது. வாய்பாடு C₁₂H₁₉NO₂, மூலக்கூறு எடை 209.3. தெருவுக்கு வந்த மாத்திரை அவருடையது அல்ல. எல்எஸ்டி என்ற மாயக்காட்சி மருந்தின் தயாரிப்பில் பேர்பெற்றிருந்த ஆவ்ஸ்லி ஸ்டான்லியும் டிம் ஸ்கல்லியும் மறைவாகத் தயாரித்தது. கலிஃபோர்னியாவில் எல்எஸ்டி 1966 அக்டோபரில் தடைசெய்யப்பட்டுவிட்டது. டிஓஎம்மின் பெயர் அப்போது எந்தப் பட்டியலிலும் இல்லை.

இதன் வடிவத்தைப் புரிந்துகொள்ள மெஸ்கலினிலிருந்து தொடங்குவது எளிது. கள்ளிச்செடியில் கிடைக்கும் மெஸ்கலினில் ஒரு பென்சீன் வளையம், அதில் 3, 4, 5-ஆம் இடங்களில் மூன்று மீத்தாக்ஸி தொகுதிகள், வளையத்திலிருந்து இரண்டு கார்பன் தள்ளி ஓர் அமைன். வேலை செய்ய 200 முதல் 400 மில்லிகிராம் வேண்டும். அந்தப் பக்கச் சங்கிலியில் அமைனை ஒட்டிய கார்பனில் ஒரு மீத்தைலைச் சேர்த்தால் ஆம்ஃபெட்டமைன் குடும்பத்துக்குள் வந்துவிடுகிறது. வீரியம் சுமார் இரண்டு மடங்காகிறது. மீத்தாக்ஸி தொகுதிகளை 2, 4, 5-க்கு நகர்த்தினால் மெஸ்கலினைப் போல் பத்து மடங்கையும் தாண்டுகிறது. 4-ஆம் இடத்து மீத்தாக்ஸியை எடுத்துவிட்டு வெறும் மீத்தைலை வைத்தால் அதுதான் டிஓஎம்.

ஷுல்கின் இங்கே எழுப்பிய கேள்வி எளிமையானது. 4-ஆம் இடத்து மீத்தாக்ஸியை உடல் வெட்டிவிடுவதால்தான் மருந்து வேலை செய்கிறதா, வெட்ட முடியாத ஒன்றை அங்கே வைத்தால் என்ன ஆகும்? வீரியம் குறையவில்லை, பல மடங்கு ஏறியது. 4-ஆம் இடத்தில் கொழுப்பை நாடும் ஒரு சிறு தொகுதி இருந்தால் மூளைச் செல்லில் மருந்து பொருந்தும் இடமான ஏற்பியின் உட்குழியில் அது நன்றாக உட்காருகிறது என்பது பின்னால் தெளிவானது. அங்கே புரோமினை வைத்தால் டிஓபி, அயோடினை வைத்தால் டிஓஐ. இரண்டும் டிஓஎம்மைவிட வீரியமானவை. எதுவுமே வைக்காமல் வெறுமையாக விட்டால் வீரியம் சரிந்துவிடுகிறது. மிக நீளமான சங்கிலியை வைத்தாலும் சரிந்துவிடுகிறது.

பக்கச் சங்கிலியின் அந்த ஒற்றை மீத்தைலுக்கு இந்தக் கதையில் தனிப் பங்கு உண்டு. கல்லீரலிலும் குடலிலும் உள்ள மோனோஅமைன் ஆக்சிடேஸ் நொதி அமைனைப் பிடித்து அழிக்க வரும்போது இந்த மீத்தைல் குறுக்கே நிற்கிறது. அதை நீக்கிப் பார்த்தால் கிடைப்பது 2சி-டி. அதற்குச் சுமார் பத்து மடங்கு எடை தேவைப்படுகிறது, நீடிப்பதோ நான்கு முதல் ஆறு மணி நேரம்தான். மீத்தைல் இருக்கும் டிஓஎம்மை உடல் வேறு வழியாகத்தான் கழிக்க வேண்டும். வளையத்தின் 4-ஆம் இடத்து மீத்தைலை ஆல்கஹாலாக்கி, பின் அமிலமாக்குகிறது. மீத்தாக்ஸிகளிலிருந்தும் மீத்தைலைக் கழற்றுகிறது. ஒரு பகுதியை மாற்றாமலே சிறுநீரில் தள்ளுகிறது. எல்லாமே நிதானமாக நடக்கும் வேலைகள்.

பெயரில் ஆம்ஃபெட்டமைன் என்று இருப்பதால் டோபமைனைக் கொட்டவைக்கும் ஊக்கமருந்து என்று நினைத்துவிடக் கூடாது. டோபமைன், நார்அட்ரினலின் கடத்திகளின் மேல் இதற்குப் பிடிப்பு மிகக் குறைவு. நேராக, நரம்புச் செய்தி கடத்தும் செரட்டோனினின் 5-எச்டி2 ஏற்பிகளில் போய் அமர்கிறது. காட்சி மாற்றங்களுக்குக் காரணம் அவற்றில் 2ஏ வகை. பெருமூளைப் புறணியின் ஐந்தாம் அடுக்குக் கூம்பு நியூரான்களில் இந்த ஏற்பி நெருக்கமாக இருக்கிறது. இரத்தக் குழாய்ச் சுவரின் மென்தசையிலும் இருக்கிறது. கண்ணில் வண்ணம் அலைவதும் கைவிரல் சில்லிடுவதும் ஒரே சாவியால் திறக்கும் இரண்டு பூட்டுகள். இந்த மூலக்கூறு வலக்கை, இடக்கை போல இரண்டு ஆடியுருவங்களில் உண்டு; அவற்றில் ஆர் வடிவமே அதிகம் வேலை செய்கிறது. தெருவுக்கு வந்தது இரண்டும் கலந்த சரக்கு.

20 மில்லிகிராம் என்றால் எவ்வளவு

சாலமன் ஸ்னைடர், லூயிஸ் ஃபைலேஸ், லியோ ஹாலிஸ்டர் மூவரும் ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் டிஓஎம்மைச் சோதித்து, அதே 1967-ல் சயன்ஸ் இதழில் முடிவை வெளியிட்டார்கள். குறைந்த அளவில் லேசான களிப்பு. 3 மில்லிகிராமைத் தாண்டினால் எல்எஸ்டி, மெஸ்கலின், சைலோசைபின் போன்ற முழு மாயக்காட்சி. வீரியத்தில் மெஸ்கலினைப் போல் சுமார் 100 மடங்கு, எல்எஸ்டியில் சுமார் முப்பதில் ஒரு பங்கு.

இந்த விகிதத்தை வைத்து மாத்திரையை எடைபோடலாம். 20 மில்லிகிராமை 30-ஆல் வகுத்தால் சுமார் 670 மைக்ரோகிராம் எல்எஸ்டிக்குச் சமம். வழக்கமான ஓர் எல்எஸ்டி அளவு 100 மைக்ரோகிராம் அளவில் இருக்கும். மெஸ்கலின் கணக்கில் பார்த்தால் ஒரே மாத்திரையில் 2 கிராம். பாதியாகக் குறைத்த பிறகும்கூட மூன்று பேருக்குப் போதுமான அளவு ஒரே மாத்திரையில் இருந்தது. பாதியாக்கியவர்கள் தாராளமாகத்தான் பாதியாக்கியிருக்கிறார்கள்.

இரவின் மணிக்கணக்கு

எல்எஸ்டி பழகியவருக்கு உள்ளே ஒரு கடிகாரம் அமைந்துவிடுகிறது. விழுங்கி அரை மணி, முக்கால் மணியில் ஏதாவது தெரியும். ஒரு மணி நேரத்தில் ஒன்றும் தெரியவில்லையென்றால் சரக்கு சொத்தை. டிஓஎம்முக்கு இந்தக் கடிகாரம் பொருந்தாது. ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில்தான் முதல் அறிகுறி. உச்சம் மூன்றிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள். சோதனையில் கொடுத்த சிறு அளவுகள் ஏழெட்டு மணி நேரத்தில் தணிந்தன. அளவு கூடக் கூட அது நீளும். 3 முதல் 10 மில்லிகிராம் வரையான அளவுகளுக்கு ஷுல்கின் பதிவுசெய்திருப்பது 14 முதல் 20 மணி நேரம்.

கணக்குக்காக ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரவு 8 மணிக்கு ஒரு மாத்திரை. 9 மணிக்கு லேசான குமட்டல், உள்ளங்கையில் ஈரம், வேறொன்றும் இல்லை. சொத்தை என்று முடிவுகட்டி 9.15-க்கு இன்னொன்று. 9.30-க்கு முதல் மாத்திரை ஏறத் தொடங்குகிறது. 11 மணிக்கு எதிர்பார்த்ததைவிடப் பலமாக இருக்கிறது. இதுதான் உச்சம், இனி இறங்கும் என்று நினைக்கிறார். உண்மையில் முதல் மாத்திரையின் உச்சத்துக்கே இன்னும் நேரம் இருக்கிறது. நள்ளிரவுக்கும் பின்னிரவு 2 மணிக்கும் இடையில் இரண்டின் உச்சங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. உடலில் இறங்கியது 40 மில்லிகிராம். எல்எஸ்டி கணக்கில் 1.3 மில்லிகிராமுக்கு மேல். விடிந்த பிறகும் சுவர் அலைகிறது. மறுநாள் மதியமும் தூக்கம் வரவில்லை. முந்தைய அனுபவங்களில் எட்டாவது மணி, பத்தாவது மணியில் தரை தட்டியவருக்கு இந்த முறை தரையே வரவில்லை. 'இனித் திரும்ப மாட்டேன், மூளை இப்படியே நின்றுவிட்டது' என்ற பீதி பிறப்பது இங்கேதான். எஸ்டிபி மூன்று நாள் பிடிக்கும் என்ற பேச்சு ஊரில் பரவியதும் இதனால்தான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மெதுவாக ஏறுவதால் வயிற்றில் மெதுவாகக் கரைகிறது என்று பொருளல்ல. மருந்து இரத்தத்துக்குள் போயிருக்கும், விளைவு தெரிந்திருக்காது, அவ்வளவே. 'இப்போதுதானே லேசாக ஏறுகிறது, வாந்தி எடுத்தால் சரியாகிவிடும்' என்ற கணக்கு அதனால் பொய்க்கிறது.

பெயர் தெரியாத நஞ்சும் குளோர்ப்ரோமசினும்

டேவிட் ஸ்மித் தொடங்கிய ஹெய்ட்-ஆஷ்பரி இலவச மருத்துவமனை திறந்தது 1967 ஜூன் 7. எஸ்டிபி வந்ததும் அதே மாதம். எல்எஸ்டி பீதியோடு வருபவருக்கு அந்நாளில் பல இடங்களில் கொடுத்தது குளோர்ப்ரோமசின் என்ற மனநோய் மருந்து. எஸ்டிபிக்காரருக்கு அதைக் கொடுத்தால் நிலைமை மோசமாகிறது என்று ஒரு செய்தி பரவியது. தெருவிலும் சரி, மருத்துவர்களிடமும் சரி, 'எஸ்டிபிக்கு குளோர்ப்ரோமசின் கூடாது' என்பது விதியாகவே ஆனது.

அந்த அச்சத்துக்குப் பின்னால் ஒரு தர்க்கம் இருந்தது. எஸ்டிபி என்பது அமெரிக்க ராணுவம் வைத்திருந்த பிஇசட் போன்ற, அட்ரோபின் வகைப் பொருளாக இருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். அந்த வகை நஞ்சு, நரம்புச் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலினை மறிக்கிறது. குளோர்ப்ரோமசினும் ஓரளவு அதையே செய்கிறது. ஏற்கெனவே மறிக்கப்பட்டவருக்கு மேலும் மறிப்பைக் கூட்டினால் குழப்பம் கூடும், காய்ச்சல் ஏறும், சிறுநீர் அடைக்கும். தர்க்கம் சரி, பொருள்தான் வேறு.

ஸ்னைடர் குழு இதையும் சோதித்தது. டிஓஎம்மின் விளைவைக் குளோர்ப்ரோமசின் கூட்டவில்லை. இன்று தெரிந்த ஏற்பிக் கணக்கின்படியும் அது கூட்ட வேண்டிய காரணமில்லை. குளோர்ப்ரோமசின் 5-எச்டி2ஏ ஏற்பியையும் அடைக்கக்கூடியது. அப்படியானால் படுக்கையருகே கண்டது என்ன? மேலே போட்ட மணிக்கணக்கையே திரும்பப் பார்த்தால் ஒரு விளக்கம் கிடைக்கிறது. 11 மணிக்கு வந்தவருக்கு 11.15-க்கு ஊசி போடுகிறார்கள். 1 மணிக்கு அவர் இன்னும் மோசமாக இருக்கிறார். ஊசி போடாவிட்டாலும் 1 மணிக்கு மோசமாகத்தான் இருந்திருப்பார்; உச்சம் அப்போதுதான். ஏறுமுகத்தில் இருக்கும் மருந்துக்கு எதைக் கொடுத்தாலும் கொடுத்ததன்மேல் பழி விழும். கூடவே குளோர்ப்ரோமசின் ஆல்ஃபா ஏற்பிகளை அடைத்து இரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும், எழுந்து நின்றவரைக் கீழே தள்ளும், வலிப்பு வரும் வரம்பையும் தாழ்த்தும். பீதியில் இருப்பவருக்கு இவை எதுவும் உதவியாக இருந்திருக்காது. விதிக்குச் சொன்ன காரணம் தவறு. ஆனாலும் டிஓஎம் பாதிப்புக்குக் குளோர்ப்ரோமசின் நல்ல முதல் தேர்வு அல்ல என்ற முடிவு இன்றும் நிற்கிறது.

அட்ரோபின் வகையையும் டிஓஎம் வகையையும் பிரித்தறிய ஆய்வகம் தேவையில்லை. இரண்டிலும் கண்பாவை விரியும், நாடி வேகமெடுக்கும். அவற்றை மட்டும் பார்த்தால் ஏமாறலாம். அக்குளில் கையை வைத்துப் பார்க்க வேண்டும். உலர்ந்து கொதித்தால் அட்ரோபின் வகை. ஈரமாக இருந்தால் இந்தப் பக்கம். வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் முதல் வகையில் குடல் ஓசை அடங்கியிருக்கும், சிறுநீர்ப்பை நிரம்பிக் கையில் தட்டுப்படலாம். பேச்சிலும் வித்தியாசம் உண்டு. அட்ரோபின் வகையில் ஆள் இல்லாத யாருடனோ முணுமுணுப்பார், காற்றில் எதையோ பொறுக்குவார், தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரியாது. டிஓஎம்காரர் பயந்து நடுங்கினாலும் பெரும்பாலும் தன் பெயரையும் இடத்தையும் சொல்வார். சுவர் அலைவது மருந்தால் என்பதும் பாதி நேரம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

இன்று அதே ஆள் வந்தால்

முதலில் இரத்தச் சர்க்கரை, பிறகு உடல் வெப்பம். நெற்றியில் தொட்டுப் பார்ப்பதோ அக்குள் வெப்பமானியோ போதாது. உள்வெப்பத்தை ஆசனவாய் வழியே அளக்க வேண்டும். இந்தக் குடும்ப மருந்துகளில் உயிரை எடுப்பது காட்சிகள் அல்ல, வெப்பமும் வலிப்பும் தசைச் சிதைவும்.

வெளிச்சம் குறைந்த, ஆள் நடமாட்டம் இல்லாத அறை. ஒரே ஒருவர் அருகில் இருந்து பேச வேண்டும். கட்டிப்போடுவது கடைசி வழி, அதுவும் மருந்து வேலைசெய்யும் வரை மட்டும். கட்டை எதிர்த்துத் திமிறுபவரின் தசை வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும்.

முதல் மருந்து பென்சோடயஸிபைன். சிரை வழியே டயஸிபாம் 5 முதல் 10 மில்லிகிராம், ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துப் பார்த்து. அல்லது லோராஸிபாம் 1 முதல் 2 மில்லிகிராம். சிரை கிடைக்காவிட்டால் தசையில் மிடாஸோலாம் 5 மில்லிகிராம். மூச்சையும் ஆக்சிஜன் அளவையும் கண்காணித்தபடிதான் கொடுக்க வேண்டும், குறிப்பாக மதுவோ வேறு மயக்கப் பொருளோ கலந்திருந்தால். இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, ஒரு ஊசியில் தூங்கிவிட்டார் என்று காலையில் வீட்டுக்கு அனுப்புவது. லோராஸிபாம் தேயும்போது டிஓஎம் இன்னும் வேலைசெய்துகொண்டிருக்கும். வழக்கமான ஆறு மணி நேரக் கண்காணிப்பு இந்த மருந்துக்குப் போதாது. அறிகுறிகள் அடங்கி, மருந்தின் துணையில்லாமலே அவர் தெளிவாக இருக்கும் வரை, பெரும்பாலும் ஒரு முழு நாள், வைத்திருக்க வேண்டும்.

விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் விழிப்போடு வந்தால் 50 கிராம் மருத்துவக் கரித்தூள் (செயலூட்டிய கரி) கொடுக்கலாம். ஏற்கெனவே காட்சிகள் தொடங்கியவருக்குக் கொடுப்பதில் பலன் சொற்பம், மூச்சுக்குழலில் இறங்கும் ஆபத்து அதிகம்.

வெப்பம் 39 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உடையைக் களைந்து, தண்ணீர் தெளித்து, விசிறி வைத்து, கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் பனிக்கட்டிப் பொதி. பாரசிட்டமால் இங்கே பயன்படாது. இந்த வெப்பம் மூளையின் வெப்பநிலை இலக்கு உயர்ந்ததால் வந்ததல்ல, தசை உண்டாக்கியது. 40-ஐத் தாண்டியும் இறங்காவிட்டால் தசையை முடக்கிச் செயற்கை சுவாசம். தசைச் சிதைவு இருக்கலாம் என்பதால் சக்சமெத்தோனியத்தைத் தவிர்த்து ரொக்குரோனியம் போன்றது. கிரியாட்டின் கைனேஸ் (தசை சிதைந்தால் இரத்தத்தில் ஏறும் நொதி), பொட்டாசியம், கிரியாட்டினின் மூன்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. கைனேஸ் பல மணி நேரம் கழித்துத்தான் உச்சத்தைத் தொடும். கணுக்காலைச் சட்டென்று மேல்நோக்கி மடக்கிப் பார்த்தால் பாதம் விடாமல் துடிக்கிறதா என்பதும் முக்கியம். துடித்தால் செரட்டோனின் மிகை நோய்க்குறியை நினைக்க வேண்டும். மனச்சோர்வுக்கு மோனோஅமைன் ஆக்சிடேஸ் தடுப்பி எடுக்கிறாரா, லித்தியம் எடுக்கிறாரா என்று உடன் வந்தவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

கை, கால் நான்கிலும் நாடி பார்ப்பதைப் பலர் தவறவிடுகிறார்கள். டிஓஎம்மில் அரிது, ஆனால் புரோமின் வைத்த டிஓபியில் கை கால் இரத்தக் குழாய்கள் முழுக்கச் சுருங்கிய நிகழ்வு ஒன்று 1983-லேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. விரல் வெளுத்து, சில்லிட்டு, நாடி கிடைக்காவிட்டால் நைட்ரோபுரசைட் போன்ற குழாய் விரிப்பான் வேண்டும். 'மாயக்காட்சி பார்க்கும் ஆள், கை மரத்துப்போச்சு என்று உளறுகிறார்' என்று விட்டால் விரல் போகும்.

ஆய்வகம் எங்கே சறுக்கும்

சிறுநீரில் வைக்கும் வழக்கமான ஆம்ஃபெட்டமைன் பட்டையை நம்ப முடியாது. வளையத்தில் இரண்டு மீத்தாக்ஸியும் ஒரு மீத்தைலும் ஏறிய பிறகு பட்டையின் எதிர்ப்புரதத்துக்கு இதன் முகம் சரியாக அடையாளம் தெரிவதில்லை. எதிர்மறை முடிவு வந்தால் மருந்து இல்லை என்று பொருளல்ல. மாத்திரையோ மருந்து ஊறிய காகிதத் துண்டோ கையில் கிடைத்தால் முதல் வடிகட்டல் சுலபம். நீண்ட அலை புறஊதா விளக்கில் எல்எஸ்டி நீலமாக ஒளிரும், எர்லிக் வினைபொருளில் ஊதாவாகும். டிஓஎம் இரண்டுக்கும் அசையாது. எர்லிக் நிறம் காட்டும் இண்டோல் வளையமே அதில் இல்லை. எல்எஸ்டி என்று விற்ற காகிதம் எர்லிக்கில் நிறம் மாறவில்லையென்றால் மருத்துவர் தன் கணக்கிலிருந்த எட்டு, பத்து மணி நேரத்தை உடனே அழித்துவிட வேண்டும்.

உறுதிப்படுத்துவது வாயு நிறப்பிரிகையோடு இணைந்த நிறை நிறமாலை. அடிச்சிகரம், அதாவது நிறமாலையின் மிக உயரமான கோடு, 44; அது பக்கச் சங்கிலியிலிருந்து உடைந்த அமைன் துண்டு. 166-ல் வளையத் துண்டு. அதிலிருந்து ஒரு மீத்தைல் கழன்று 151. மூல அயனி 209-ல் மெலிதாகத் தெரியும். 44-ஐ மட்டும் பார்த்து ஆம்ஃபெட்டமைன் என்று எழுதிவிடுவது பழைய பிழை. ஆம்ஃபெட்டமைனுக்கும் அடிச்சிகரம் 44-தான். வித்தியாசத்தைச் சொல்வது 166.

1970-ல் அமெரிக்காவின் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் சட்டம் டிஓஎம்மை முதல் பட்டியலில் வைத்தது. 1971-ன் ஐநா உளவியக்கப் பொருள்கள் உடன்படிக்கையும் அதையே செய்தது. மருந்து தெருவிலிருந்து ஏறக்குறைய மறைந்தது, கடிகாரச் சிக்கல் மறையவில்லை. சில மில்லிகிராமிலேயே வேலைசெய்வதால் இந்தக் குடும்பத்தை எல்எஸ்டிக் காகிதத்தில் ஏற்ற முடிகிறது; மெஸ்கலினை அப்படி ஏற்றவே முடியாது. 2009-ல் 2சி-பி-ஃப்ளை என்று பெயர் ஒட்டி விற்ற சரக்கு உண்மையில் புரோமோ-டிராகன்ஃப்ளை. ஒட்டியிருந்த பெயருக்கு உரிய அளவைப் போட்டவர்கள், அதைவிடப் பல மடங்கு வீரியமும், ஏறுவதற்குச் சில மணி நேரமும், அடங்குவதற்கு ஒரு நாளுக்கு மேலும் பிடிக்கும் பொருளை விழுங்கியிருந்தார்கள். அந்த முறை உயிர்களும் போயின.